மேலேயும் பராபர், கீழேயும் பராபர்

அம்மை போட்ட வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் வயதுக்காரர்கள் நீங்கள். நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தால் செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு, வெளியில் நின்றே பேசிவிட்டுத் திரும்பியவர்கள்தான் எல்லாரும். இப்போது பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் எங்கள் வீட்டு வேப்பிலைக்குப் பின்னால் நடந்த ஒன்றை எழுதி வைக்க வேண்டுமென்று எனக்கு வெகுநாளாக ஆசை. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரமும் ஒன்றுமில்லை.

எண்பதுகளின் தொடக்கம். தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்புறம் எங்கள் கோலி. ஒற்றை அறையைத்தான் அங்கே கோலி என்போம். தகரக் கூரை, தகரச் சுவர். பக்கத்துக் கோலியில் தும்மினால் இங்கே 'நூறு' என்று வாழ்த்தலாம். அப்பா தோல் கிடங்கில் மூட்டை தூக்கினார். அம்மா விடியும் முன்னே இட்லி அவிப்பாள். சைக்கிள்காரர்கள் வந்து அலுமினியத் தூக்குகளில் அடுக்கிக்கொண்டு மாட்டுங்கா, செம்பூர் என்று போய்விடுவார்கள். தோல் நாற்றமும் இட்லி ஆவியும் கலந்த ஒரு வாசனை உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது காலை வாசனை, அவ்வளவுதான்.

அக்கா சயானில் பன்னிரண்டாவது சயன்ஸ் படித்தாள். எங்கள் சந்தில் அதுவரை ஒரு பெண்ணும் அந்தப் படி ஏறியதில்லை. அப்பா அவளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்.

"இந்த வருசம் எழுதிப் பாஸானா மேல படி. இல்லேன்னா ஊருல அத்தை மவன் இருக்கான். ரெண்டாந்தரம் எழுதுத கதையெல்லாம் நம்மட்ட கெடயாது."

நானோ, எழுத்து என்றாலே ஆகாதவள். தமிழ் எழுத்தும் சரி, இங்கிலீஷ் எழுத்தும் சரி, என் கண் முன்னால் நீந்திக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்து டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, "இவளுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லிவிட்டார். அம்மா அதை அப்படியே நம்பி, என்னை மாவாட்ட உட்கார வைத்தாள். இத்தனைக்கும் எண்கள் எனக்கு ஒருநாளும் நீந்தியதில்லை. வைத்த இடத்தில் நிற்கும். பஸ்ஸின் நெற்றியில் மராட்டி எண், விலாவில் இங்கிலீஷ் எண். இரண்டையும் ஒத்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். அதை யாரும் படிப்பு என்று நினைக்கவில்லை, நானும்தான்.

பரீட்சை நெருங்கும்போது அக்காவுக்கு அம்மை வந்தது.

முதலில் காய்ச்சல். மறுநாள் கழுத்தில் முத்து முத்தாக. அம்மா அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினாள். இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்து வைத்தாள். அம்மை வீட்டு இட்லியை யார் வாங்குவார்கள்? அப்பா மாட்டுங்காவில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்து மரத்திலிருந்து வேப்பங்கொத்து ஒடித்து வந்தார். அம்மாவின் மஞ்சள் சேலையை அறையின் குறுக்கே கட்டினோம். அதற்குப் பின்னால், வேப்பிலை பரப்பிய வெள்ளை வேட்டியில் அக்கா.

அன்றுமுதல் அக்கா அக்கா இல்லை, ஆத்தா. தினமும் அவளை "ஏட்டி சோம்பேறி" என்று எழுப்பும் அம்மா, "தாயி, மோரு குடிக்கியளா? நுங்கு வெட்டிக் கொண்டாரட்டா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சேலைக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவும் சிரித்தாள். உடனே அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள், ஆத்தா குளிர்ந்துவிட்டாள் என்று.

சிரிப்பெல்லாம் ஒருநாள்தான். ஒரு முத்து கண்ணிமைக்குப் பக்கத்தில் கிளம்பியிருந்தது. எழுத்தைப் பார்த்தால் அது கண்ணுக்குள் இறங்கிவிடும் என்று அம்மா புத்தகங்களையெல்லாம் எடுத்துப் பரண்மேல் போட்டாள். மற்றப் பாடமெல்லாம் அக்கா படித்து முடித்தவள். பிசிக்ஸில் கடைசிப் பாடம் மட்டும் பாக்கி. அணு சிதைகிற பாடம்.

வேப்பங்கொத்தால் விசிறுவது என் வேலை. அம்மா குழாயடிக்குப் போன நேரம் அக்கா கூப்பிட்டாள்.

"ஏட்டி, பரண்ல பிரவுன் அட்டை போட்ட புஸ்தகம் இருக்கு. எடு."

"அம்மா கொன்னுருவா."

"நான் பாக்கலட்டீ. நீ பாரு. நீ பாத்து எனக்குச் சொல்லு."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே."

"எண்ணு தெரியும்லா? போதும்."

கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு பயிற்சி இருந்தது. வரிவரியாக எழுத்தும் எண்ணும். சில வரி சரி, சில வரி வேண்டுமென்றே தப்பு. எது சரியென்று பார்த்துச் சொல்ல வேண்டும். நான் எனக்குத் தெரிந்த மாதிரி வாசித்தேன்.

"ஒரு லாடம் இருக்கு. அதுக்கு இடப்பக்கம் மேல இருநூத்தி முப்பத்தெட்டு, கீழ தொண்ணூத்திரெண்டு."

"அது லாடம் இல்லட்டீ, யுரேனியம். பொறவு?"

"அம்பு. அம்புக்கு அங்கிட்டு ஒரு தண்ணிக்குழாயும் ஒரு நாக்காலியும். மேல இருநூத்தி முப்பத்திநாலு, கீழ தொண்ணூறு. அப்பால கூட்டல் குறி. இன்னொரு எழுத்து. மேல நாலு, கீழ ரெண்டு."

"குழாயும் நாக்காலியும் சேந்தா தோரியம். அம்புக்கு இந்தப் பக்கம் இருக்கது உடையாத அணு. அந்தப் பக்கம் இருக்கது உடைஞ்ச துண்டுக. துண்டோட மேல் எண்ணையெல்லாம் கூட்டினா பழைய மேல் எண்ணு வரணும். கீழ் எண்ணையெல்லாம் கூட்டினா பழைய கீழ் எண்ணு வரணும். வருதா?"

நான் கூட்டினேன். இருநூற்று முப்பத்திநாலும் நாலும் இருநூற்று முப்பத்தெட்டு. தொண்ணூறும் இரண்டும் தொண்ணூற்றிரண்டு.

"மேலயும் பராபர், கீழயும் பராபர்!" என்று கத்தினேன். பம்பாயில் பிறந்த எங்களுக்குச் சரியாக இருந்தால் பராபர், சரியில்லை என்றால் கட்பட். வேறு வார்த்தை தேடுவதில்லை.

இப்படித் தொடங்கியது. அம்மா குழாயடிக்குப் போனால், பாத்திரம் தேய்க்க வெளியே கழுவுமிடமான மோரிக்குப் போனால், நான் புத்தகத்தை எடுத்துவிடுவேன். எழுத்துக்குப் பெயர் அக்கா சொல்வாள், எண்ணை நான் சொல்வேன். அந்த முதல் வரிக்குப் பிறகு அவளே மனத்தில் கூட்டினாள். காய்ச்சலில் அவள் சோரச் சோர, அவள் வாய் திறக்கும் முன்பே நான் "பராபர்" என்றோ "கட்பட்" என்றோ சொல்லத் தொடங்கினேன். தப்பு வரிகளைப் பிடிப்பதில் எனக்குத் தனி ருசி. ஒரு அணு உடைகிறது, துண்டுகளைக் கூட்டினால் இரண்டு குறைகிறது. எங்கே போயிற்று அந்த இரண்டு? திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருக்கும்.

ஒரு வகை வரி மட்டும் என்னைத் திணறடித்தது. அதில் ஒரு துண்டுக்கு மேல் எண் பூஜ்யம், கீழே ஒன்று, ஒன்றுக்கு முன்னால் படுத்துக் கிடக்கிற ஒரு கோடு.

"அது குறைச்சல் ஒண்ணு," என்றாள் அக்கா. "அணுவுக்குள்ளேருந்து ஒரு துணுக்கு எலக்ட்ரான் பறந்து போவுது. அது பறந்தா மிச்சம் இருக்க அணுவுக்குக் கீழ் எண்ணு ஒண்ணு கூடிரும். ஏழையும் குறைச்சல் ஒண்ணையும் கூட்டு."

"ஆறு."

"ஆறுதானே மொதல்ல இருந்துச்சு?"

ஆறிலிருந்து உடைந்து ஏழு வருகிறது. ஆனாலும் கணக்கு பிசகவில்லை. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு விசிறினேன்.

எங்கள் குரல் தகரத்தைத் தாண்டும் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

அந்தக் காலத்துப் பம்பாயில் மட்கா என்கிற நம்பர் சூதாட்டத்துக்குச் சீட்டு எழுதாத சந்து இல்லை. தினமும் ஒரு நம்பர் வரும். வருகிற நம்பரை முன்கூட்டிப் பிடிக்க ஆட்கள் கண்ட கனவையும் விடமாட்டார்கள், மோதின லாரியின் நம்பரையும் விடமாட்டார்கள். பக்கத்துக் கோலிப் பெரியம்மா தகரத்தில் காதை வைத்து, அம்மை போட்ட வீட்டிலிருந்து எண்ணெண்ணாக வருவதைக் கேட்டிருக்கிறாள். கூடவே 'பராபர்' என்ற உத்தரவு வேறு. தொண்ணூறில் பணம் கட்டினாள். தொண்ணூறு வந்துவிட்டது.

மறுநாள் காலை பெரியம்மா எலுமிச்சம்பழத்தோடு எங்கள் வாசலில் நின்றாள்.

"ஒங்க வீட்டுல ஆத்தா வாய் தொறந்து பேசுதா, ஒனக்குத் தெரியுமாளா?"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் வாசலில் கூட்டம். இளநீர், கற்பூரம், மஞ்சள். எல்லாருடைய செருப்பும் சந்து முனையில். மட்கா சீட்டு எழுதுகிற அண்ணாச்சியே மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, வெறுங்காலோடு வந்து கையைக் கட்டி நின்றார்.

நான் சொல்லிப் பார்த்தேன். "அது புஸ்தகத்துல உள்ள எண்ணு, பெரியம்மா. நான்தான் வாசிச்சேன்."

"போட்டீ, நாலாப்பு ஃபெயிலு. நீ இங்கிலீஷ் புஸ்தகம் வாசிச்சியாக்கும்!" கூட்டமே சிரித்தது.

சேலைக்குப் பின்னாலிருந்து அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். "அம்மா, அது பிசிக்ஸ்மா! ரேடியோ ஆக்டிவ் டீகே! ஈக்வேஷன்!"

பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே! இங்கிலீசுலயும் பேசுதாளே!"

பயந்துபோய் வாசிப்பதை நிறுத்தினோம். "ஆத்தா கோவமா இருக்கா" என்றார்கள். அக்கா அழுதாள். "ஆத்தா உருகுதா" என்றார்கள். என்ன செய்தாலும் அதற்கொரு பொருள் வைத்திருந்தார்கள்.

இதற்குள் அக்காவின் முத்தெல்லாம் வாடிப் பக்கு உதிரத் தொடங்கிவிட்டது. வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி வெளியே விட வேண்டிய நேரம். தண்ணீர் ஊற்றாமல் அம்மை வீட்டுப் பெண் நிலைப்படி தாண்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவசரப்பட்டு தண்ணி ஊத்திராத. ஊத்தினா ஆத்தா மலையேறிருவா. வந்தவ இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போட்டுமே."

"புள்ளைக்கு நாளன்னைக்குப் பரீட்சையாமே..." என்றாள் அம்மா, யாரிடமோ அனுமதி கேட்கிறவள் மாதிரி.

"பரீட்சை பெருசா, ஆத்தா பெருசா?"

அப்பா மூலையில் உட்கார்ந்து பீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "அப்பம் எழுதப் போறதில்ல. அத்தைக்குச் சொல்லி அனுப்பிருதேன்" என்றார். சேலைக்குப் பின்னால் சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாமைதான் என்னைக் கிளப்பிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே வாசல் நிறைந்துவிட்டது. நான் பரணிலிருந்து புத்தகத்தை எல்லார் முன்னாலும் எடுத்தேன். அம்மா, "ஏட்டி!" என்று பாய்ந்தாள். நான் நேராகச் சீட்டு அண்ணாச்சியிடம் போய் நின்றேன். நம்பரில் அவரை ஏமாற்ற ஆளில்லை என்று சந்தே சொல்லும்.

"அண்ணாச்சி, இந்தப் பக்கத்துல பென்சில்ல டிக் போட்டதெல்லாம் சரியான வரி, அதுல ஒங்களுக்குப் புடிச்ச வரியில ஒரு எண்ணைப் பெருவெரலால மறைங்க. மிச்சத்தை நான் வாசிக்கேன். அக்கா உள்ளேருந்து மறைச்ச எண்ணைச் சொல்லுவா. அது வெறும் கணக்கு."

அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். நான் வாசித்தேன். "மேல இருநூத்திப் பத்து, கீழ எம்பத்திநாலு. அம்பு. மேல தெரியல, கீழ எம்பத்திரெண்டு. கூட்டல். மேல நாலு, கீழ ரெண்டு."

"இருநூத்தி ஆறு!" என்றாள் அக்கா உள்ளிருந்து.

அண்ணாச்சி விரலை எடுத்தார். இருநூற்று ஆறு. பெரியம்மா அலறினாள்.

"பாத்தியளா! வெரலுக்கு அடியில இருக்கதும் தெரியுதே ஆத்தாவுக்கு!"

அவ்வளவுதான், கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். நான் முட்டாள்தனமாக, எரிகிற நெருப்பில் நெய்யை ஊற்றியிருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஒன்று பொறி தட்டியது. சட்டைக் கையை மேலே தூக்கி, கையையும் கழுத்தையும் அண்ணாச்சிக்குக் காட்டினேன்.

"எம்மேல முத்து இருக்கா, பாருங்க. ஆத்தா எங்கிட்ட வந்திருக்காளா?"

"இல்லயே."

"அப்பம் என்னையக் கேளுங்க. நான் கண்ணை மூடிக்கிடுதேன். நீங்களே வாசிங்க."

"நீயா?" என்றார். கொஞ்சம் சிரித்தார். ஆனாலும் வாசித்தார். பெரிய எண்கள் உள்ள வரி. "மேல இருநூத்தி இருவத்தாறு, கீழ எம்பத்தெட்டு. அந்தப் பக்கம் இருநூத்தி இருவத்திரெண்டு, கீழ மறைச்சிருக்கேன். பொறவு நாலு, ரெண்டு."

"எம்பத்தாறு."

அவர் சிரிப்பு நின்றது. இன்னொரு வரியைத் தேடினார். வேண்டுமென்றே தேடினார், எனக்குத் தெரியும். "மேல பதினாலு, கீழ ஆறு. அந்தப் பக்கம் பதினாலு, கீழ மறைச்சிருக்கேன். பொறவு பூஜ்யம், கீழ கோடு போட்டு ஒண்ணு."

"ஏழு."

"தப்பு!" என்று பெரியம்மா குதித்தாள். "ஆறு உடைஞ்சா எப்பிடிளா ஏழு வரும்?"

"கோடு போட்டது குறைச்சல் ஒண்ணு, பெரியம்மா. ஏழுல ஒண்ணு குறைஞ்சா ஆறுதானே? மேலயும் பராபர், கீழயும் பராபர்."

அண்ணாச்சி விரலை எடுத்துப் புத்தகத்தைப் பெரியம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். ஏழு. பிறகு அவரே தமக்குள் உதடு அசைய இரண்டு வரிகளைக் கூட்டிப் பார்த்தார். புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார்.

"இது ஆத்தா இல்ல," என்றார். "சுத்தமான கணக்கு. இதுல மட்கா இல்ல." சந்து முனைக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் செருப்புப் போட்டதைப் பார்த்து ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். பெரியம்மா எலுமிச்சம்பழத்தைத் திருப்பி எடுப்பதா விடுவதா என்று சிறிது யோசித்து, எடுத்துக்கொண்டே போனாள்.

அம்மா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ஏட்டி, நெசமாவே நீதான் கூட்டினியா?"

"ஆமாம்மா."

"அந்த டீச்சரு ஒனக்குப் படிப்பு ஏறாதுன்னாளே."

"எழுத்துதாம்மா ஏறாது."

அம்மா எழுந்து, பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிறைத்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, வாசலில் வெயில் விழுகிற இடத்தில் கொண்டுவந்து வைத்தாள். அப்பா பீடியைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். அத்தைக்குச் சொல்லி அனுப்புகிற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

முறைப்படி மூன்று தண்ணீர் ஊற்ற வேண்டும். அன்று உச்சிப் பொழுதில் முதல் தண்ணீரை ஊற்றும்போது அம்மா கூரையைப் பார்த்துப் பேசினாள். "தாயே, மிச்சம் ரெண்டு தண்ணியப் பரீட்சைக்கு நடுவுல ஊத்திருதேன். கோவிச்சுக்கிடாத. எம்புள்ள படிக்கணும்." அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

சின்ன வயதில் எனக்கு என் வெற்றிதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது அந்த நடுக்கம்தான் பெரிதாகத் தெரிகிறது. அம்மாவை அதுவரை சந்தில் யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இட்லிக்காரி என்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சில நாள் அவள் வாசலில் கையெடுத்துக் கும்பிட்டார்கள், அவளைக் கேட்டு உள்ளே பார்த்தார்கள். அந்த மரியாதையை ஒரு குடம் தண்ணீரில் அவளாகவே கரைத்துவிட்டு, மறுபடி கொப்பரையை நிமிர்த்தி இட்லி ஊற்றப் போனாள். ஆத்தா ஏதாவது செய்துவிடுவாளோ என்ற பயத்தையும் தனியாகச் சுமந்தாள். என் அம்மாவை நினைத்து நெஞ்சு நிமிர்வது எனக்கு இந்த இடத்தில்தான்.

அக்கா பரீட்சைக்குப் போனாள். முகமெல்லாம் வடு. பக்கத்து பெஞ்சில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்தாளாம். பிசிக்ஸ் அன்று நான் துணைக்குப் போய் வெளி கேட்டில் காத்துக் கிடந்தேன். மணி அடித்து அவள் வெளியே வந்ததும் ஓடினேன்.

"அக்கா, நம்ம கணக்கு வந்துச்சா?"

"இல்லட்டீ."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட கேக்கல. அந்தப் பாடத்துல வேற கேள்வி கேட்டுட்டான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பேப்பர் எழுதினவனை அங்கேயே மராட்டியில் திட்டினேன். காவல்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சிரித்தாள். வெயிலில் வடுவெல்லாம் கறுத்துத் தெரிந்தது.

"பேப்பர்ல வராட்டி என்னட்டீ? அந்தக் கணக்கு இல்லாட்டி நான் இந்த கேட்டுக்குள்ளேயே வந்திருக்க மாட்டேன்லா."

அந்த அக்கா மேலே படித்தாள். செம்பூரில் ஒரு லேப்பில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இப்போது முலுண்டில் இருக்கிறாள். நான் அம்மாவின் கொப்பரையை எடுத்துக்கொண்டேன். பிறகு இட்லிக் கடை வைத்து, என் பிள்ளைகளையும் படிக்க வைத்தேன். குறை ஒன்றும் இல்லை.

ரிசல்ட் வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். அக்கா சயானிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். சந்தில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். பெரியம்மாதான் முதலில் கேட்டாள்.

"என்னளா, மூத்தவ பாஸாயிட்டாளாமே?"

அம்மா இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எம்புள்ளைக ரெண்டு பேரும் பாஸு."